யார வே ஜெயிச்சிய?

மக்களே, உங்கள் அப்பா நான் வேலை பார்க்கும் இந்த அமெரிக்க ஊரில் மார்ச் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், தலை நரைத்தவர்கள்கூட டி.வி. முன்னால் உட்கார்ந்து, எஸ்.எஸ்.எல்.சி. ரிசல்ட்டுக்குக் காத்திருக்கிற பையன்கள் மாதிரி நகம் கடிக்கிறார்கள். பாஸ்கெட்பால் டோர்னமென்ட்டுக்கு எந்தெந்தக் காலேஜ் டீமைக் கூப்பிடுவது என்று ஒரு கமிட்டி அன்றைக்குத்தான் சொல்லும். சங்கரன்கோவிலில் உங்கள் அம்மா கேட்டால், "பந்தக் கூடையில போடுததுக்கு இம்புட்டு அக்கப்போரா?" என்பாள்.

நான் காலேஜ் கேன்டீனில் சமையல்காரன். என்னோடு ரொட்டி சுடுகிற மார்த்தாவின் மகன் ரே எங்கள் காலேஜ் டீமில் ஆடினான். அவனுக்கு அது கடைசி வருஷம். டோர்னமென்ட்டில் ஆடினால், சம்பளம் கொடுத்து ஆடவைக்கிற பெரிய டீம் ஆட்கள் கண்ணில் படுவான். இல்லையென்றால் மாமாவின் டயர்க் கடைதான். அந்த வருஷம் ஏறக்குறைய எல்லா மேட்ச்சும் ஜெயித்திருந்தார்கள். எனக்குக் கவலையே இல்லை. மார்த்தாதான், "ஷெட்யூல் பலமாக இல்லையே" என்று புலம்பினாள்.

அவள் விளக்கியது இதுதான். எத்தனை ஜெயித்தாய் என்பது மட்டும் போதாது. உன்னோடு ஆடியவன் எப்பேர்ப்பட்டவன், அவனோடு ஆடியவன் எப்பேர்ப்பட்டவன், அதையும் பார்ப்பார்களாம். நம் ஊரில் மாப்பிள்ளையை விட்டுவிட்டு, மாப்பிள்ளையின் சித்தப்பாவுக்குப் பெண் கொடுத்தவர் யார் என்று விசாரிப்பார்களே, அதே கதை. இதில் ஒரு கூத்து: பெரிய டீம் நம்மோடு ஆடவே வராது. தோற்றால் அவனுக்கு மானம் போகும், ஜெயித்தால் லாபமில்லை. கடைசியில், 'பெரிய டீமோடு ஏன் ஆடவில்லை?' என்று கேள்வி மட்டும் நமக்கு வரும்.

எனக்குப் புளியங்குடி ஞாபகம் வந்தது. கல்யாணத்துக்கு முன்னால் நான் வாலிபால் ஆடினேன். குருவிகுளம் பக்கத்துக் கரிசல் ஊர்களில், நெட் கட்டத் தெரியாதவர்களையெல்லாம் தேடிப்போய் ஜெயித்துவிட்டு, எலுமிச்சை வியாபாரிகள் புளியங்குடியில் நடத்திய டோர்னமென்ட்டுக்குப் போய் நெஞ்சை நிமிர்த்தி நின்றோம். கமிட்டித் தலைவர் மூட்டைமேல் உட்கார்ந்தபடி, "யார வே ஜெயிச்சிய?" என்றார். சொன்னோம்.

"அவனுவ பருத்தி எடுக்கப் போற வழியில ஆடுதவனுவல்லா! வாசுதேவநல்லூர்க்காரன்கிட்ட ஒரு செட்டாவது எடுத்தியளா?"

மறுநாளே எங்கள் கேப்டன் ரோஜா மாலையோடு போய் அவர் கழுத்தில் போட்டான். "சரி, வந்து தொலைங்க" என்று சேர்த்துக்கொண்டார். முதல் மேட்ச் வாசுதேவநல்லூரோடு. சோடா குடித்து முடிப்பதற்குள் எங்களை பஸ் ஏற்றிவிட்டார்கள். ஆனாலும் சேர்ந்தோமா இல்லையா?

அந்தத் தைரியத்தில் மார்த்தாவிடம், "கமிட்டித் தலைவருக்கு ஒரு பூமாலை அனுப்புவோமா?" என்றேன்.

மாவு பிசைந்த கை நின்றது. "ஐயோ, அவர் எப்போது செத்தார்?"

இங்கே வளையமாகக் கட்டிய பூ செத்தவருக்குத்தானாம். "உயிரோடு இருக்கிறார், அதனால்தான் மாலை" என்றேன். அவள் மெதுவாக அடுப்புப் பக்கம் நகர்ந்துகொண்டாள்.

ஞாயிறன்று மார்த்தா வீட்டில் கூடினோம். ஒவ்வொரு பெயராகச் சொன்னார்கள். நிறையத் தோற்ற ஒரு டீமைக் கூப்பிட்டார்கள். பெரிய ஆளிடம் தோற்றதாம், அதுவும் ஒரு கௌரவம். எங்கள் பெயர் வரவில்லை. ரே எழுந்து எல்லார் தட்டையும் எடுத்துப்போய்க் கழுவினான். "அவ்வளவு ஜெயித்தோமே" என்றாள் மார்த்தா. ரே கழுவிய தட்டுகளை நான் துடைத்து அடுக்கினேன்.

மறுநாள் காலையில் கேன்டீனுக்குப் பால் கொண்டுவந்த டிரைவர், நிறையத் தோற்றும் இடம் கிடைத்த அந்த டீமின் ரசிகன், "சின்னப் பிள்ளைகளை அடித்துவிட்டு டோர்னமென்ட் கேட்டால் கிடைக்குமா?" என்று இளித்தான். மார்த்தா தலை நிமிரவில்லை. எனக்கு எங்கிருந்து வந்ததோ, "ஏலே, நாறப்பயலே! எங்க பையன் ஆடுததுல கால்வாசி ஆடுவியாலே நீ? தூக்குலே கேன!" என்று தமிழிலேயே கத்திவிட்டேன்.

அவன் மிரண்டுபோய் மார்த்தாவிடம், "இந்த ஆள் எந்த ஊர்?" என்றான்.

"இந்த ஊர்தான்" என்றாள் அவள், மாவைப் பிசைந்துகொண்டே.

நான் மறுக்கவில்லை. வாயில் பாக்கியிருந்த சங்கரன்கோவில் வசவுகளை ஒவ்வொன்றாக முணுமுணுத்தபடி, காலேஜ் பெயர் போட்ட தொப்பியைச் சரிசெய்துகொண்டு, பால் கேனை உள்ளே தூக்கிப் போனேன்.