ஆறாவது பொட்டலம்

அங்கமுத்து சொம்பில் ஏரித் தண்ணீரை மொண்டுகொண்டு கரையேறுகிறார். மணல்மேட்டில் நாற்பதடி நடந்து, அங்கே தோண்டி வைத்திருக்கும் குழியருகே குந்திக் கை கழுவுகிறார். கழுவிய நீர் ஒரு சொட்டுகூட ஏரிக்குத் திரும்பக் கூடாது. இடுப்பளவு தண்ணீரில் நின்று வலை இழுக்கும் கோட்டைக்குப்பத்தில், கை கழுவ மேடு தேடிப் போகும் ஒரே மனிதர் அவர்தான். "இவரு கைய வச்சா ஏரி அழுக்காப் பூடுமாம்" என்பாள் மனைவி பொன்னியம்மாள். ஊரோடு சேர்ந்து அவளும் சிரிப்பாள்.

மாதத்தில் ஒரு சனிக்கிழமை, திருப்பாலைவனம் வழியாக வரும் முதல் பஸ்ஸில் எலிசபெத் இறங்குவாள். சென்னையில் ஒரு கல்லூரியில் ஆராய்ச்சி மாணவி. அவளுக்கு அங்கமுத்துவிடம் ஆக வேண்டிய வேலை ஒன்றுதான். ஏரியைச் சுற்றி ஐந்து இடங்களில் இடத்துக்கொரு மடவை மீன், உப்புச் சேற்றில் முளைக்கும் உமரிச்செடி ஒரு பிடி, ஒரு கை சேறு, கொக்கு கூடு கட்டும் காலமென்றால் ஒரே ஒரு முட்டை. பூச்சி கொல்லும் மருந்து எந்த உயிரில் எவ்வளவு தங்கியிருக்கிறது என்று கல்லூரி இயந்திரம் சொல்லுமாம். பிளாஸ்டிக் ஆகாது, பழைய பேப்பரும் ஆகாது, வெள்ளித்தாளில்தான் சுற்ற வேண்டும். அவர் சுற்றுவதைப் பார்த்தால் கல்யாண வீட்டில் தாம்பூலம் மடிப்பது போலிருக்கும். பிறகு பென்சில் முனையை நாக்கில் தொட்டு, வலப்பக்கம் சாய்ந்த எழுத்தில் இடத்தையும் தேதியையும் எழுதி ஒட்டுவார்.

"இன்னா அங்கமுத்து, மீனுக்கு வைத்தியம் பாக்கறியா? துன்லாமா வாணாமானு கேட்டுச் சொல்லு" என்பார் மீன் வியாபாரி அமீர் ஜான்.

"அதத்தான் பாய் கேட்டுக்கினு கீறேன்."

அந்தச் சாய்ந்த எழுத்து இந்தப் பக்கத்து ஊர்களுக்குப் புதிதல்ல. அறுபத்து நான்காம் ஆண்டிலிருந்து பதினோரு வருடம் மலேரியாவுக்கு மருந்தடிக்கும் குழுவில் இருந்தார் அங்கமுத்து. அந்த வேலையில் அவர் சேர்ந்தது சம்பளத்துக்காக மட்டுமல்ல. தங்கை லோகநாயகி ஆறு வயதில் குளிர்க் காய்ச்சலில் போனாள். மூன்று போர்வைக்கு அடியிலும் அவள் பல் கிடுகிடுத்த சத்தம் அவர் காதை விட்டுப் போகவே இல்லை. பம்பைத் தோளில் போட்டுக்கொண்டு வீடு வீடாகப் போனார். சுவரில் ஒரு சாண் விடாமல் அடிப்பார். தன் வீட்டுக்கு இரண்டு தடவை அடித்தார். முடிந்ததும் காவிக்கட்டியை நாக்கில் நனைத்து வாசல் நிலையில் "ம.அ." என்று எழுதுவார். மருந்து அடித்தது என்று அர்த்தம். கீழே தேதி, அதற்கும் கீழே தன் பெயர். ஊரில் காய்ச்சல் நின்றது. சில வீட்டுக்காரர்கள் இன்றும் அந்த எழுத்தின் மேல் சுண்ணாம்பு பூச மனம் வராமல் வைத்திருக்கிறார்கள்.

பசியாவரம் தீவில் வேலை முடிந்தால், படகேறுமுன் கருவேல மரங்களடியில் ஓடும் ஓடையில்தான் பம்பையும் வாளியையும் கழுவுவார். தண்ணீர் வடிகஞ்சி போல வெளுத்து ஏரிக்குள் போகும். பம்பு பளபளவென்று இருக்க வேண்டும் அவருக்கு. பதினோரு வருடமும் அதே ஓடை. கழுவாதே என்று யாரும் சொல்லவில்லை. அவருக்கும் கேட்கத் தோன்றவில்லை.

எலிசபெத் முதல்முறை வந்தபோது அவர் கேட்ட கேள்வி இது: "அந்தக் காலத்துல மலேரியாவுக்கு அடிச்ச மருந்து எத்தினி நாளு டீச்சரம்மா கெடக்கும்?"

"முப்பது வருஷம்கூட இருக்கும்யா. மழையில கரையாது. சேத்துலேர்ந்து மீனுக்கு, மீன்லேர்ந்து கொக்குக்குன்னு சேந்துக்கிட்டே போகும். முட்டை ஓடு மெலிசாயிடும்."

அன்றைக்குத்தான் மணல்மேட்டில் அந்தக் குழியைத் தோண்டினார். அடுத்த மாதம் அவளிடம் ஆறு பொட்டலங்கள் கொடுத்தார்.

"இது எந்த இடம்? நம்ம லிஸ்ட்ல இல்லையே."

"பசியாவரத்து ஓட. அதயும் பாருங்க டீச்சரம்மா."

அதற்குப் பிறகு மற்ற ஐந்தும் எப்படிப் போனாலும் அவருக்குக் கவலையில்லை. ஆறாவது மட்டும் சுத்தமென்று வந்துவிட வேண்டும். மாதா கோயில் தாண்டும்போது ஒரு கும்பிடு, தர்கா தாண்டும்போது ஒரு கும்பிடு போட்டார். தை மாதம் ஓடைக் கருவேலத்தில் ஏறிக் கொக்குக் கூட்டைப் பார்த்தார். மூன்று முட்டைகளில் இரண்டு நொறுங்கிக் காய்ந்திருந்தன. மூன்றாவதில் தாயின் வயிறு அழுந்திய இடம் குழிந்து கிடந்தது. அவர் இறங்கியதும் கொக்கு திரும்பி வந்து, அந்தக் குழிந்த முட்டையின் மேல் பதமாக உட்கார்ந்துகொண்டது. பொன்னியம்மாளிடம் எல்லாவற்றையும் சொன்னார். அதன் பிறகு அவர் கை கழுவுவதை அவள் கேலி பேசவில்லை. சொம்பில் தண்ணீரைத் தானே மொண்டு கொடுத்தாள்.

சித்திரையில் எலிசபெத் முடிவுத்தாளோடு அவர் வீட்டுக்கு வந்தாள். ஐந்து இடத்து மருந்தின் அளவையும் கூட்டினாலும் ஆறாவது இடத்து அளவைத் தொடவில்லை.

"எங்க புரொபசரே அசந்துட்டாரு. எப்படிங்கய்யா இந்த இடத்தைப் புடிச்சீங்க?" தாளில் 'காரணம்' என்ற கட்டம் மட்டும் காலியாக இருந்தது. அவள் பென்சிலை அதன் மேல் வைத்துக்கொண்டு கேட்டாள்: "திருப்பாலைவனத்து வயல் தண்ணி வந்து கலக்குதுன்னு போட்டுடவா?"

ஆம் என்று தலையாட்டினால் போதும். யாரும் சரிபார்க்கப் போவதில்லை. எதிர் வீட்டு நிலையில் அவர் எழுத்து காவி மங்காமல் இருந்தது. அந்த வீட்டுக்காரி எதிர்ப்படும்போதெல்லாம் "நீ நல்லா இருக்கணும் நைனா" என்பாள். அங்கமுத்து அந்த நிலையைப் பார்த்தார்.

"அங்க வயலு இன்னா கீது டீச்சரம்மா" என்றார். "அதக் குடுங்க இப்டி."

பென்சிலை வாங்கி முனையை நாக்கில் தொட்டார். காலியாக இருந்த கட்டத்தில், அதே சாய்ந்த எழுத்தில், "ம.அ." என்று எழுதினார். கீழே தன் பெயரையும் எழுதினார்.