கொரினின் தட்டு

எங்கள் அண்ணி ஐரீன் செத்து இருபது வருடத்துக்கு மேலாகிறது என்று கல்லூரி மேட்டில் எந்தப் பெண்ணைக் கேட்டாலும் சொல்வாள். செத்துப்போன ஐரீனோ அந்தக் கல்லூரிச் சமையல்கட்டிலேயே என் பக்கத்தில் நின்று உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருப்பாள்.

அவர்களுக்கு அவள் கொரின். கொரின் ஐரீன் லேத்ரப் என்பது முழுப்பெயர். கொரின் என்ற பெயர் எங்கள் அம்மாவுக்குப் பிடிக்கவில்லை, ஐரீன் ஆக்கிவிட்டாள். மேட்டில் சொல்கிற கதை இது: காதலன் கைவிட்டானாம், முதல் பனி விழுந்த சாயங்காலம் வெள்ளை உடுப்போடு ஏரிக்குள் நடந்தாளாம், அதற்குப் பிறகு மூன்றாம் மாடியில் விசும்பல் கேட்கிறதாம்.

அடக் கடவுளே! காதலனும் இல்லை, வெள்ளை உடுப்பும் இல்லை. கென்னடியைச் சுட்ட வருடத்துக்கு அடுத்த வருடம் அது. முதல் வருடப் படிப்பு. அந்த மேட்டில் ஒருத்தியும் அவளோடு முகம் கொடுத்துப் பேசவில்லை, பாடமும் மண்டையில் ஏறவில்லை. ஊருக்கே போய்விடலாமென்று பெட்டியைக்கூட எடுக்காமல் பஸ் நிறுத்தத்துக்கு இறங்கி வந்தாள். பனியில் பஸ் வரவில்லை. பனி தள்ளும் வண்டி ஓட்டிக்கொண்டு என் அண்ணன் வெர்ன்தான் வந்தான். விறைத்துப்போய் நின்றவளை எங்கள் வீட்டில் கொண்டுவந்து இறக்கினான். பெண்கள் ஏரிக்கரையில் மெழுகுவத்தி ஏற்றி அழுதபோது அவள் என் கட்டிலில் உட்கார்ந்து கோழி சூப் குடித்துக்கொண்டிருந்தாள்.

வசந்தத்தில் கல்யாணம். அவள் அப்பா கல்லூரிக்கு ஃபோன் செய்து விஷயத்தைச் சொன்னார். நல்ல வீட்டுப் பெண் வண்டிக்காரனைக் கட்டிக்கொண்டாள் என்பதைவிடப் பேய்க்கதை கௌரவம் என்று நினைத்தார்களோ என்னவோ, அங்கே யாரும் வாயே திறக்கவில்லை.

வெர்னுக்கு முதுகு போனதும் ஐரீனும் என்னோடு சமையல்கட்டு வேலைக்கு வந்தாள். தலையில் வலை, இடுப்பில் ஏப்ரன். அப்படி நிற்கிறவளை யார் நிமிர்ந்து பார்க்கிறார்கள்! ஒவ்வொரு வருடமும் முதல் பனியன்று சாப்பாட்டுக் கூடத்தில் ஜன்னலோர நாற்காலியைக் காலியாக விட்டு, கொரினுக்கென்று ஒரு தட்டு வைப்பார்கள். அதில் இறைச்சியும் மசித்த உருளைக்கிழங்கும் போட்டுக் கொடுப்பவள் ஐரீன். எல்லாரும் போனபின் அதை வழித்துக் குப்பையில் கொட்டுபவளும் அவள்தான்.

"ஒரு தடவை சொல்லித்தான் தொலையேன்" என்பேன்.

"போ மாவிஸ், அதுக்கு வேற தெம்பு வேணும்" என்பாள்.

மகள் தார்லாவிடமும் அவள் சொன்னதில்லை. படிப்பை விட்டுவிட்டு ஓடியவள் அம்மா என்று தெரிந்தால், கஷ்டம் வரும்போது பெண்ணும் ஓடிவிடுவாளோ என்று பயம். வேலைக்காரர் பிள்ளைகளுக்கு அங்கே படிப்புக் கட்டணம் கிடையாது என்பதால் தார்லாவும் மேட்டில்தான் சேர்ந்தாள். சேர்ந்து இரண்டு மாதத்தில் அவள் பேச்சு, நடை எல்லாமே மாறிவிட்டது.

போன நவம்பரில் முதல் பனி விழுந்த அன்று பின்வாசல் வழியாக மூச்சிரைக்க ஓடிவந்தாள். "அம்மா! இன்னிக்கு கொரின் தட்டைக் கொண்டுபோகப் போறது நான்தான்! சீட்டுக் குலுக்கினாங்க, என் பேர் வந்துச்சு."

"சிந்தாம கொண்டுபோம்மா" என்றாள் ஐரீன், பாத்திரம் தேய்த்தபடி.

"உனக்குச் சிந்தறதும் கழுவறதும்தான் தெரியும். அவ எப்பேர்ப்பட்டவ! சாதாரண வாழ்க்கையே வேண்டாம்னு போனவ. இந்த ஊர்ல கெடந்து தேயறதுக்கு அது எவ்வளவோ மேல்."

எனக்குச் சுருக்கென்றது. "ஏண்டி, உங்கம்மா தேய்ஞ்சதுலதானடி நீ படிக்கிறே?"

"ஐயோ அத்தை, ஆரம்பிச்சுடாதீங்க." குரலைத் தாழ்த்தினாள். "இன்னொண்ணு. நான் தட்டு வாங்க வரும்போது ரெண்டு பேரும் தெரிஞ்ச மாதிரி காட்டிக்காதீங்க. அங்க யார்கிட்டயும் நான் சொல்லல."

கரண்டியை எடுத்து வீசியிருப்பேன். ஐரீன் "சரிம்மா" என்றாள். மகள் போனதும் கவிழ்த்துப் போட்ட பால் பெட்டிமேல் உட்கார்ந்தாள். "பாத்தியா மாவிஸ்? செத்தவளைத்தான் அவளுக்குப் பிடிக்குது."

சாயங்காலம் சாப்பாட்டுக் கூடத்தில் விளக்கைத் தணித்தார்கள். தார்லா தட்டை வாங்க வந்தாள். அவள் சொன்னபடியே நாங்கள் சுவரைப் பார்த்தோம். அவள் தட்டைக் கொண்டுபோய் ஜன்னலோரம் வைக்க, மூத்த மாணவி ஒருத்தி கதையை ஆரம்பித்தாள். "சாதாரண வாழ்க்கையைத் துறந்தவளே, உன் இடம் காத்திருக்கிறது" என்று முடித்தாள். தார்லா அழுதாள். நடிப்பில்லை, நிஜக் கண்ணீர்.

கதவருகே நின்ற ஐரீன் கையைத் துடைத்துக்கொண்டாள். "கால் விண்ணுவிண்ணுன்னு வலிக்குது" என்றாள். நேராகப் போய் அந்த நாற்காலியில் உட்கார்ந்து முள்கரண்டியை எடுத்தாள்.

"அது கொரினோட இடம்! எழுந்திருங்க!" என்று மூத்தவள் கத்தினாள்.

"தெரியும். நான்தான் கொரின். ஏரிக்கெல்லாம் போகலம்மா, அன்னிக்கு ரொம்பக் குளிரு. ஊருக்குப் போற க்ளீவ்லண்டு பஸ்ஸும் வரல." இறைச்சியை நறுக்கி வாயில் போட்டுக்கொண்டாள்.

ஒருத்தி கிறீச்சிட்டாள். "இந்தம்மா மேல கொரின் இறங்கிட்டா!" நாற்காலிகள் சரிய ஆளுக்கொரு பக்கம் ஒதுங்கினார்கள். படிக்கிற பிள்ளைகளாம்! உயிரோடு உட்கார்ந்து தின்கிறவளை நம்ப மாட்டார்கள், பேய் பிடித்தது என்றால் உடனே நம்புவார்கள்.

தார்லா மட்டும் நகரவில்லை. முகம் வெளுத்துப்போய் என்னைத் தேடினாள். நான் ஆமாம் என்று தலையை ஆட்டினேன். அவள் கண் அம்மாவின் கைகளுக்குப் போனது, பாத்திரம் தேய்த்து வெடித்த கைகள். அங்கேயே நின்றது.

"தார்லா, தள்ளி வா!" என்றாள் மூத்தவள். "ஏன் அங்கேயே நிக்கிறே? இவங்களை உனக்குத் தெரியுமா?"

தார்லா வாயைத் திறக்குமுன் ஐரீன் முந்திக்கொண்டாள். தட்டைப் பார்த்தபடியே, "இல்லம்மா, இந்தப் பொண்ணுக்கு என்னைத் தெரியாது. நான் சமையல்கட்டு ஆளு" என்றாள்.

"பொய் சொல்லாத, அம்மா" என்றாள் தார்லா, கூடம் முழுக்கக் கேட்க.