பால் ஒரு சாக்கு

பெங்களூர் வந்த முதல் நாளே நான் ஒரு ஹாலை இரண்டு தடவை பெருக்கினேன். எலெக்ட்ரானிக் சிட்டிக்குப் பக்கத்தில், அப்போது பாதி ஊர் இன்னும் வயலாகவே இருந்த ஓர் இடத்தில், ஒரு ஹாலும் ஒரு சமையலறையுமாக எங்களுக்கு வீடு கிடைத்திருந்தது. சாமான்களை இறக்கி மூச்சு விடுவதற்குள் வீட்டுக்கார அம்மா கௌரம்மா வாசலில் வந்து நின்று, கையை ஆட்டி ஆட்டி, ஹாலு, ஹாலு என்றார். எனக்குக் கன்னடம் சுத்தமாகத் தெரியாது. ஹால் குப்பையாக இருக்கிறது என்கிறார் போலிருக்கிறது என்று துடைப்பத்தை எடுத்துப் பெருக்கினேன். அவர் இன்னும் பலமாக ஹாலு என்றார். வந்த அன்றைக்கே வீட்டுக்காரியைப் பகைத்துக்கொள்வானேன் என்று இன்னொரு தடவை பெருக்கினேன். கடைசியில் அந்த அம்மா தலையில் அடித்துக்கொண்டு, தானே ஒரு செம்புப் பாலைக் கொண்டுவந்து, என் அடுப்பில் வைத்துப் பொங்கவிட்டார். புது வீட்டில் பால் காய்ச்சுவது நமக்கும் உள்ள வழக்கம்தானே. நம்முடைய பால்தான் அங்கே ஹாலு என்று அப்போதுதான் மண்டையில் ஏறியது. இந்த ஊரில் நான் கற்ற முதல் வார்த்தை அது.

நாங்கள் குடியாத்தத்துக்காரர்கள். என் வீட்டுக்காரர் சேகருக்கு பொம்மசந்திரா பக்கம் ஒரு லேத் பட்டறையில் வேலை. தொண்ணூறுகளின் கடைசி. எங்கள் மகள் பவித்ராவுக்கு முதல் பிறந்தநாள் முடிந்த கையோடு குடி வந்தோம். ஒரு வருஷம் ஆனால் தாய்ப்பாலில் சத்து போய்விடும், இனிமேல் மாட்டுப்பால்தான் என்று ஊரில் ஆளாளுக்குச் சொன்னார்கள். நானும் பூம்பூம் மாடு மாதிரி தலையாட்டி, வேப்பிலையை அரைத்துத் தடவிப் பிள்ளையைப் பால் மறக்கடித்துவிட்டேன். சேகருக்கு அதில் ஏக சந்தோஷம். அதற்குக் காரணம் இருக்கிறது. அவர் வீட்டில் ஆறு பிள்ளைகள், அம்மா பீடி சுற்றுகிறவர். காலையில் பால் விடாமல் வெல்லம் போட்ட வரட் டீ, மத்தியானம் கேழ்வரகுக் களி, பொழுது சாய்ந்தால் மீதிக் களி. பால் என்பது விருந்தாளி வந்தால் மட்டும் வாங்குவது. விருந்தாளி குடித்து முடித்த டம்ளரின் அடியில் ஒட்டியிருக்கும் நுரையை விரலால் வழித்து நக்கியதை அவர் ஒரு தடவை சிரித்துக்கொண்டேதான் சொன்னார். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை. அப்படிப்பட்ட மனுஷர் குடித்தனம் வைத்த அன்றைக்கே இரண்டு சட்டம் போட்டார். இந்த வீட்டில் களி கிண்டக்கூடாது. என் பொண்ணு பாலுக்கு ஏங்கக்கூடாது.

பாலுக்கு என்ன பஞ்சம்? எங்கள் சுவருக்கு அந்தப் பக்கம்தான் கௌரம்மாவின் மாட்டுக்கொட்டகை. இரண்டு மாடு. காலையும் மாலையும் கறந்த சூடு ஆறுவதற்குள் செம்போடு வந்துவிடுவார். நான் பாத்திரத்தை நீட்டினால் அது வழிகிற வரைக்கும் ஊற்றுவார். ஊற்றுகிற கை அது. போதும் என்பதற்குக் கன்னடத்தில் என்ன சொல்வார்கள் என்று அந்த அம்மாவிடமிருந்து மட்டும் கற்றுக்கொள்ள முடியாது. பவித்ரா எழுந்தால் ஒரு பாட்டில், அழுதால் ஒரு பாட்டில், தூங்கப் போனால் ஒரு பாட்டில். சோற்றைப் பிசைந்து கொண்டுபோனால் முகத்தைத் திருப்பிக்கொள்வாள். பால்தான் குடிக்கிறாளே, அப்புறம் என்ன என்று நானும் விட்டுவிட்டேன். நாலைந்து மாதம் இப்படியே ஓடியது. ஒருநாள் கௌரம்மா அவள் கன்னத்தைத் தட்டி, பெள்ளகே, பெள்ளகே என்று பூரித்துப்போனார். வெள்ளையாகிவிட்டாளாம். பட்டறையில் கொஞ்சம் கன்னடம் பிடித்திருந்த சேகர் அதை எனக்குச் சொல்லிவிட்டு, "பாத்தியா, பாலோட கலரு ஏறுது பொண்ணுக்கு" என்று மார்தட்டிக்கொண்டார். எனக்கும் உள்ளூரப் பெருமைதான், பொய் சொல்வானேன்.

அந்தப் பெருமை ஒரு மத்தியானத்தில் போயிற்று. சத்தமே இல்லையே என்று தேடிப் போனால், என் மகள் கொட்டகைச் சுவரில் சுண்ணாம்பைச் சுரண்டித் தின்றுகொண்டிருக்கிறாள். வாயெல்லாம் வெள்ளை, முன்னாலிருந்த பூந்தொட்டி மண் வேறு உதட்டில். தூக்கிக் கண் இமையை இழுத்துப் பார்த்தேன். உள்ளே சிவப்பே இல்லை. அப்போதுதான் மற்றதெல்லாம் வரிசையாக நினைவுக்கு வந்தது. ஓடி விளையாடிய பிள்ளை கொஞ்ச நாளாக இடுப்பை விட்டு இறங்குவதே இல்லை. வெளிக்குப் போக முக்கி முக்கி அழுகிறாள். நாங்கள் கலர் கலர் என்று கொண்டாடியது பிள்ளையின் வெளிறிப்போன முகத்தை. சேகர் ஷிப்டில் இருந்தார். பாட்டிலையும் பிள்ளையையும் தூக்கிக்கொண்டு தனியாகவே பஸ் ஏறினேன்.

டாக்டரம்மா தார்வாட் பக்கத்துக்காரர், தமிழ் ஒரு சொல் தெரியாது. இங்கிலீஷில் கேட்டார். தமிழ் மீடியம் பிளஸ் டூ படித்த நான் எல்லாவற்றுக்கும் எஸ் டாக்டர் என்றேன். என் பவிஷு தெரிந்து அவரே கன்னடத்துக்கு இறங்கி வந்தார். இமையைப் பார்த்தார், நகத்தைப் பார்த்தார், வயிற்றை அமுக்கினார். என்ன சாப்பிடுகிறாள் என்று சாடையில் கேட்டார். நான் பாட்டிலைக் காட்டி ஆறு விரலை நீட்டினேன், இன்னமும் கொஞ்சம் பெருமையோடுதான். அவர் பேனாவைக் கீழே வைத்தார். ரத்தம் எடுத்துப் பரிசோதித்தார்கள். ரத்தம் கம்மி என்றும், ஊற்றுவதற்கு இரும்புச்சத்து சொட்டு மருந்து என்றும் சைகையில் விளங்கியது. மற்றபடி அவர் சொன்ன அத்தனையிலும் எனக்குப் பிடிபட்டது கடைசியாக நிறுத்தி நிதானமாகச் சொன்ன இரண்டே வாக்கியம்தான்.

"மகுகெ ஹாலு சாக்கு. ஊட்ட கொடி."

ஹாலுதான் எனக்குத் தெரியுமே. மகு என்றால் பிள்ளை. ஊட்ட கொடி என்றால் ஊட்டக் கொடு. மிச்சமெல்லாம் பச்சைத் தமிழ். பிள்ளைக்குப் பால் ஒரு சாக்கு, சோறு ஊட்டு. முகத்தில் அடித்த மாதிரி இருந்தது. யாரைப் பார்த்து என்ன பேச்சு? ஊருக்குப் புதிதாக வந்து, பேச ஆள் இல்லாமல், ஒண்டி ஆளாகப் பிள்ளை வளர்க்கிற என்னைப் பார்த்து, பாலைச் சாக்கு வைத்துச் சோறு ஊட்டாமல் காலம் தள்ளுகிறாய் என்கிறாரே! பஸ்ஸில் வருகிற வழியெல்லாம் மனதுக்குள் அவரை வறுத்தெடுத்தேன். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும், எங்கள் வீட்டில் எல்லோருக்கும் தெரியும். ஆனால் இறங்குகிற இடம் வருவதற்குள் அந்தக் கோபம் என் பக்கமே திரும்பிவிட்டது. ஒரு வாய் ஊட்டுவதற்கு அரை மணி நேரம் அதன் பின்னால் ஓட வேண்டும், பாட்டில் என்றால் கையில் கொடுத்துவிட்டு நாம் வேலையைப் பார்க்கலாம். சாக்குதானே அது? எனக்கு அது அலுப்புக்குச் சாக்கு. சேகருக்கு அந்த டம்ளர் நுரையின் ஏக்கத்துக்குச் சாக்கு. பாட்டிலைக் கழுவித் துடைத்துப் பரண்மேல் போட்டேன்.

மறுநாள் காலை கௌரம்மா செம்போடு வந்தபோது நான் கற்றுவைத்திருந்த இன்னொரு கன்னட வார்த்தையை எடுத்துவிட்டேன். பேடா, வேண்டாம். என் பால் கெட்டுவிட்டதா என்கிற மாதிரி என்னைப் பார்த்தார். விளக்கிச் சொல்ல எனக்கு வார்த்தை ஏது? விருட்டென்று திரும்பிப் போய்விட்டார். அவரிடம் தயிர் மட்டும் கேட்டு வாங்கியிருக்கலாம், அந்தச் சமயத்தில் அதுவும் தோன்றவில்லை. வீட்டுக்காரிக்கு மனசு கசந்தால் வீட்டைக் காலி செய் என்று சொல்ல எத்தனை நேரம் ஆகும்? சேகர் அதைவிட மோசம். ஊரில் இத்தனை பேர் பால் வேண்டும் என்கிறபோது உனக்கு மட்டும் என்ன வந்தது என்று குதித்தார்.

"டாக்டரே சொல்லிட்டாங்க, பாலெல்லாம் வெறும் சாக்காம். அவளுக்குச் சோறுதான் வேணும்" என்றேன்.

"எம் பொண்ணுக்குப் பால் இல்லைன்னு சொல்லத்தான் நான் குடியாத்தத்துலருந்து இங்க வந்தேனா?" என்றார்.

இரண்டு நாள் பவித்ரா அழுத அழுகையில் என் வைராக்கியம் ஆட்டம் கண்டது. மருந்தைத் துப்பினாள், சோற்றைத் தட்டிவிட்டாள், இரண்டு வாய் பருப்புத் தண்ணீர் இறங்கினால் பெரிய காரியம். நடுவில் ஒருமுறை பரண்வரைக்கும் கை போய்த் திரும்பியது. நான் நினைத்தது தப்பாக இருந்து பிள்ளைக்கு ஏதாவது ஆகிவிட்டால், இந்த ஊரில் யாரிடம் போய் நிற்பேன்? மூன்றாம் நாள் மத்தியானம் பிள்ளையைக் காணோம். பதறிக்கொண்டு ஓடினால், கௌரம்மா தன் வீட்டு வாசற்படியில் தட்டோடு உட்கார்ந்திருக்கிறார். தட்டில் சுடச்சுட ராகி முத்தே, அதுதான் நம் களி, உருண்டையாகப் பிடித்து வைத்து, சுற்றிலும் கீரைச் சாறு. என் மகள் எதிரில் நின்று ஒரு கையை நேராக அந்தச் சாற்றுக்குள் விட்டிருக்கிறாள். கௌரம்மா என்னை ஏறிட்டுக்கூடப் பார்க்கவில்லை. நெல்லிக்காய் அளவு கிள்ளி, சாற்றில் தோய்த்து, அவள் வாயில் வைத்தார். விழுங்கிவிட்டாள். மறுபடி வாயைத் திறந்தாள். மறுபடி. நான் நின்ற இடத்திலேயே கண்ணீர் விட்டு அழுதேன். கோவிலில்கூட நான் அப்படி அழுததில்லை.

முதல் ஷிப்டு முடிந்து சேகர் வந்ததும் அப்போதுதான். தன் வீட்டில் நுழையக்கூடாது என்று தள்ளிவைத்த களியை, சொந்த வீடும் மாடும் மனையும் உள்ள அம்மா வாசலில் உட்கார்ந்து ராஜ களையோடு சாப்பிடுகிறார். இவர் மகள் அதற்கு வாயைப் பிளந்துகொண்டு நிற்கிறாள். கௌரம்மா உள்ளே போய் இன்னொரு தட்டில் ஓர் உருண்டையைக் கொண்டுவந்து அவர் முன்னால் வைத்தார். மனுஷர் செருப்பைக் கழற்றிவிட்டு உட்கார்ந்து, பல்லில் படாமல் விழுங்கினார், களி விழுங்கும் வித்தையை மறக்கவே இல்லை. "எங்க அம்மா கிண்டறாப்லயே கீது" என்றார். அன்று சாயங்காலம் எங்கள் வீட்டுக்குக் கேழ்வரகு மாவு வந்தது, வாங்கி வந்தவர் அவர்தான்.

ஒன்றரை மாதம் கழித்து டாக்டரிடம் போனேன். பவித்ரா இடுப்பிலிருந்து நழுவி இறங்கி அந்த அறையைச் சுற்றிச் சுற்றி ஓடினாள். களி, கீரை, முட்டை, தயிர்ச் சோறு, எது கொடுத்தாலும் சாப்பிடுகிறாள், பால்தான் சாக்கு என்று நீங்கள் சொன்னதும் அடியோடு நிறுத்திவிட்டேன் என்று, இந்தத் தடவை அங்கே இருந்த ஜோகுபாளையத்துத் தமிழ் நர்ஸிடம் சொன்னேன். நர்ஸ் அதைக் கன்னடத்தில் சொல்லப் போய், பாதியில் சிரிப்பை அடக்க முடியாமல் மேஜையைப் பிடித்துக்கொண்டார். "அய்யோ அக்கா, சாக்குன்னா போதும்னு அர்த்தம். பால் போதும், குறைங்கன்னுதான் சொல்லியிருக்காங்க." டாக்டரும் சிரித்தார். அப்புறம் நர்ஸ் வழியாக விளக்கமாகச் சொன்னார். ஒரு வயது தாண்டிய பிள்ளைக்கு மாட்டுப்பால் கட்டாயம் என்று ஒன்றும் இல்லை. எல்லாச் சாப்பாடும் சாப்பிட்டு, தயிரும் சேர்ந்தால், ஒரு டம்ளர் பால் குடித்தாலும் சரி, குடிக்காவிட்டாலும் சரி. வயிறு முட்டப் பாலைக் கொடுத்தால் சோற்றுக்கு இடம் ஏது, ரத்தம் எப்படி ஊறும்? தாய்ப்பாலைக்கூட அவசரப்பட்டு நிறுத்தியிருக்க வேண்டாம் என்றார். அது மட்டும் எனக்கு இன்றைக்கும் உறுத்தல்தான். மற்றதில் எனக்குத் துளியும் வெட்கம் இல்லை. பிள்ளை தேறியதில் பாதிப் பெருமை சொட்டு மருந்துக்குப் போகட்டும், மீதிப் பாதி எனக்கு. வீட்டுக்கு வந்து சேகரிடம் சொன்னபோது, அந்த வார்த்தையை அப்படியே சொல்லியிருந்தால் அன்றைக்கே அர்த்தம் சொல்லியிருப்பேனே என்றார். நல்லவேளை, நான் அவரிடம் கேட்கவில்லை. போதும் என்று மட்டும் புரிந்திருந்தால் ஆறு பாட்டிலை ஐந்தாக்கியிருப்பேன். சாக்கு என்று புரிந்ததால்தான் நிறுத்தினேன்.

இப்போது பவித்ராவுக்கு ஒன்பது வயது. கன்னடத்தில் கணக்குப் போடுகிறாள், தமிழில் சண்டை போடுகிறாள். போன பொங்கலுக்குக் குடியாத்தம் போயிருந்தோம். பெங்களூர்ப் பிள்ளைக்குப் போய்க் களியா என்று என் அக்காவுக்கு ஒரே கூச்சம், ஆனால் கேட்டவளே பவித்ராதான். களியும் கருவாட்டுக் குழம்புமாக நானும் அக்காவும் பவித்ராவும் உட்கார்ந்தோம். எனக்கு வயிறு நிறைந்துவிட்டது. தட்டுக்கு மேல் கையை நீட்டி, யோசிக்காமலே, "சாக்கு, சாக்கு" என்றேன்.

"சாக்கெல்லாம் சொல்லாத, சாப்பிடு" என்று அக்கா என் விரல் இடுக்கிலேயே இன்னொரு கரண்டி குழம்பை ஊற்றினாள்.

நான் பிறந்த ஊரிலேயே போதும் என்று சொல்லத் தெரியாதவளாகிவிட்டேன். அந்த வார்த்தை இரண்டு பாஷையிலும் கேட்டது என் மகளுக்கு மட்டும்தான். வாய் நிறையக் களியோடு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். விழுங்கி முடித்ததும் தன் தட்டை முன்னால் தள்ளி, "பெரிம்மா, எனக்கு?" என்றாள்.