பூட்டிய நெய்யும் திறந்த சோற்றுப்பானையும்

என் கர்ப்பப்பையில் கட்டி. மாதத்தில் பாதி நாள் இரத்தப்போக்கு. ராஜபாளையத்து டாக்டர், "பத்துக் கிலோ குறைச்சாத்தான் ஆபரேஷன். இந்த உடம்பு மயக்க மருந்தைத் தாங்காது. எண்ணெய், நெய், கறி எல்லாத்தையும் நிறுத்துங்க" என்றார். எண்பதுகளின் கடைசி அது. கொழுப்பைத் தின்றால் கொழுப்பு ஏறும் என்பது எல்லோருக்கும் வேதவாக்கு.

மாமியார் அன்றே நெய், நிலக்கடலை, முட்டை அத்தனையையும் அலமாரியில் வைத்துப் பூட்டி, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டார். சோற்றுப்பானை மட்டும் திறந்தே கிடந்தது. "வெறுஞ்சோறுதான, எம்புட்டு வேணாலும் தின்னு" என்பார். ரசம் ஊற்றி மூன்று தட்டு தின்றாலும் செத்த நேரத்தில் வயிறு கூப்பாடு போடும். பிறகு சீனி போட்ட கஞ்சி, பன், மறுபடி சோறு. இரண்டு மாதம் கழித்து எடை பார்த்தால் மூன்று கிலோ கூடியிருந்தது.

வீட்டுக்காரர் நடுவீட்டில் என் டிரங்குப் பெட்டியைக் கவிழ்த்தார். "எங்கட்டி ஒளிச்சு வச்சுத் திங்கே?" சேலைகளுக்கு அடியில் தீட்டுத் துணிகள்தாம் கிடந்தன. அவற்றையும் உதறிப் பார்த்தார் அந்த மனுஷன். மாமியார் இடுப்பிலிருந்த சாவியைத் தடவிப் பார்த்துக்கொண்டார்.

மறுநாளே ஸ்ரீவில்லிபுத்தூரில் இருந்த அக்கா வீட்டுக்குப் பஸ் ஏறினேன். "அவிய பூட்டி வச்சதெல்லாம் எனக்குப் போடு. சோறு வேண்டாம்" என்றேன். முழுக்க வீம்புதான், வைத்தியம் கியித்தியம் ஒன்றும் எனக்குத் தெரியாது. காலையில் நெய்யில் மூன்று முட்டை, மத்தியானம் கொழுப்போடு ஆட்டுக்கறி, கூடக் கீரை. முதல் வாரம் தலை கிறுகிறுத்தது. "செத்துக் கித்துத் தொலையாதட்டி" என்று அக்கா பயந்தாள். அதன் பிறகு பசியே அடங்கிப்போனது. சாப்பிட மறந்த வேளைகூட உண்டு. ஜாக்கெட்டுகளைப் பிடித்துத் தைக்க வேண்டியதாயிற்று. நாலாம் மாதம் பதிமூன்று கிலோ போயிருந்தது. எல்லா உடம்புக்கும் இது ஒத்துவருமா என்றால் எனக்குத் தெரியாது.

ஆபரேஷன் அன்று டாக்டர், "சொன்னபடி நெய்யை விட்டீங்க, பாத்தீங்களா?" என்றார்.

"தினமும் நெய்தான் தின்னேன் டாக்டர்."

அவர் சிரித்துக்கொண்டே போய்விட்டார். பக்கத்தில், ஆபரேஷனுக்கென்று வந்திருந்த வீட்டுக்காரர் சம்மதப் படிவத்தில் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார். தலை நிமிராமலே சொன்னார்: "ஒங்க அக்கா வீட்டுல காவல் இருந்துச்சு, கொறஞ்சுட்டே. அப்போ நம்ம வீட்டுல திருடித்தான தின்னுருக்கே?"

அதற்குள் மயக்க ஊசி ஏறிவிட்டது; எனக்கு நாக்கு புரளவில்லை. கண் விழித்ததும் நர்ஸைக் கூப்பிட்டு, கட்டிலருகே நின்ற அந்த மனுஷனை வெளியே அனுப்பச் சொன்னேன்.