நூறு சதவீதம் பருத்தி

நான் பனிச்சறுக்கு வீரனாக இருந்தவன் என்று திருப்பூரில் சொன்னால் யாரும் நம்புவதில்லை. நம்பாவிட்டால்கூடப் பரவாயில்லை, சிரிக்கிறார்கள். ஒருமுறை டீக்கடையில் ஒருவர், "ஏனுங்க, ஊட்டியிலீங்களா?" என்று அக்கறையாகக் கேட்டார். "ஆமாங்க" என்று சொல்லிவிட்டு டீயைக் குடித்தேன். விளக்கி என்ன ஆகப்போகிறது?

அருப்புக்கோட்டைப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்த குடும்பம் எங்களுடையது. அப்பாவும் அம்மாவும் அடுத்தடுத்துப் போய்ச் சேர்ந்துவிட, என்னை வளர்த்தது அக்காதான். பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டுவிட்டுப் பனியன் கம்பெனியில் டெய்லருக்குத் துணி மடித்துக் கொடுக்கும் கைமடி வேலைக்குப் போனவள், பத்து வருடத்தில் சாம்பிள் டெய்லர் ஆனாள். வெளிநாட்டுக்காரன் ஆர்டர் கொடுக்கும் முன் பார்ப்பதற்கு ஒரே ஒரு உருப்படி தைத்து அனுப்புவார்கள், அதற்குப் பெயர் சாம்பிள். அது சொதப்பினால் ஆர்டர் இல்லை. அவள் தைத்தது சொதப்பியதாக நான் கேள்விப்பட்டதில்லை.

எனக்குத் தெரிந்தது ஓட்டம் மட்டும். பள்ளியில் நெடுந்தூரம் ஓடி, அந்த மூச்சை நம்பி இராணுவத்தில் சேர்ந்து, காஷ்மீருக்குப் போனேன். அங்கே ஒரு பயிற்சியாளர் இருந்தார். பயிற்சி கொடுப்பவரை இராணுவத்தில் உஸ்தாத் என்போம். லடாக்குக்காரர், அதிகம் பேசமாட்டார். நான் ஓடுவதைப் பார்த்துவிட்டு என் காலில் இரண்டு நீளப் பலகைகளை மாட்டி, கையில் இரண்டு கோல்களைக் கொடுத்து, "போ" என்றார். போனேன். நாலு அடி போவதற்குள் விழுந்தேன். அன்று முழுக்க விழுந்துகொண்டே இருந்தேன். மறுநாள் காலையில் அவருக்கு முன்னால் நான் போய் நின்றேன். பிடித்துவிட்டது, அவ்வளவுதான்.

நெடுந்தூரப் பனிச்சறுக்கு என்பது சினிமாவில் கதாநாயகி மலைச்சரிவில் வழுக்கிக்கொண்டு வருவது அல்ல. சமதரையிலும் மேட்டிலும் உடம்பை உந்தி உந்திப் போகவேண்டும். நெஞ்சு எரியும், எச்சில் உதட்டிலேயே உறையும். ஆனால் தள்ளலும் சறுக்கலும் ஒன்றுக்குள் ஒன்று இசைந்துவிட்டால், அக்காவின் மெஷின் தடையில்லாமல் ஓடும் நேரம் போல இருக்கும். அந்த சுகத்துக்காகத்தான் அத்தனை குளிர்காலங்களையும் கொடுத்தேன். சில பதக்கங்கள் வாங்கினேன். எங்கள் படைப்பிரிவுக்கு வெளியே அவற்றுக்கு ஒரு மதிப்பும் இல்லை.

விடுப்பில் ஊருக்கு வந்தாலும் சும்மா இருக்கமாட்டேன். சக்கரம் வைத்த பலகைகளை மாட்டிக்கொண்டு விடியற்காலையில் அவிநாசி ரோட்டில் கோலூன்றிப் போவேன். நாய்கள் அவிநாசிவரை துரத்தும். பல்லடம் போகும் தனியார் பஸ் காரணமே இல்லாமல் ஹாரன் அடித்துவிட்டுப் போகும். ஒருநாள் அக்காவின் முதலாளி காரை நிறுத்திக் கண்ணாடியை இறக்கினார்.

"ஏனுங்க தம்பி, பனியே இல்லாத ஊர்ல இத மாட்டிட்டு என்னங்க பண்றீங்க? பேசாம நம்ம கம்பெனிக்கு வந்துரலாமுல்லங்க?"

நல்ல மனிதர். சிரித்துக்கொண்டு போய்விட்டேன். எவ்வளவு திமிர் எனக்கு அப்போது.

அந்த வருடம்தான் நாட்டின் அணிக்கு ஆள் எடுத்தார்கள். தேர்வானால் வெளிநாட்டுப் போட்டி. ஆகாவிட்டால் பலகையைக் கழற்றி வைத்துவிட்டுத் துப்பாக்கியோடு பழைய பிரிவுக்குப் போகவேண்டும். என் வயதுக்கு இன்னொரு வாய்ப்பு வராது என்று உஸ்தாத் முகத்துக்கு நேராகவே சொல்லிவிட்டார். அக்காவிடம் போனில் இதைச் சொன்னேன். எங்களுக்குக் கொடுத்திருந்த உள்சட்டை எனக்கு முன்னால் யாரோ போட்டுத் தேய்த்தது, அக்குளில் பிய்ந்துபோனது என்பதையும் வாய் தவறிச் சொல்லிவிட்டேன்.

"அதப் போட்டுக்கிட்டா போட்டிக்குப் போவ? பனியன் ஊர்ல வளந்துட்டு! சும்மா இரு, நான் தச்சு அனுப்புறேன்" என்றாள்.

பார்சல் வந்தது. முழுக்கை உள்சட்டை, கழுத்துவரை மூடுவது. சீப்பிட்டு எடுத்த முதல்தர நூல், உள்பக்கம் பஞ்சு போலச் சுரண்டிவிட்ட துணி. தையல் எங்கும் தோலில் உறுத்தாது. என் பழைய பனியனை வைத்து அளவெடுத்திருக்கிறாள், தோள் அப்படியே உட்கார்ந்தது. காலர் உள்ளே, ஏற்றுமதிச் சரக்குக்கு வைப்பதுபோல ஒரு லேபிளும் வைத்துத் தைத்திருந்தாள்: நூறு சதவீதம் பருத்தி. அதைவிட உயர்ந்த வார்த்தை எங்கள் ஊரில் கிடையாது. பயிற்சியில் இரண்டு முறை போட்டுப் பார்த்தேன், கதகதவென்று இருந்தது. பயிற்சி என்பது நிற்காமல் ஓடுவது. முடிந்ததும் கொட்டகைக்குள் போய் உடை மாற்றிவிடுவோம். அதனால் அந்தத் துணியின் இன்னொரு குணம் எனக்குத் தெரியாமலே போய்விட்டது.

பனியில் பருத்தி போடக்கூடாது என்று உஸ்தாத் சொல்லித்தரவில்லையா என்று நீங்கள் கேட்கலாம். அவர் கம்பளிக்குள் பிறந்து கம்பளிக்குள் வளர்ந்தவர். பருத்தியைப் போட்டுக்கொண்டு ஒருவன் பனியில் பந்தயத்துக்கு வருவான் என்று அவர் கனவிலும் நினைத்திருக்கமாட்டார். நானோ பருத்தி அல்லாத துணியெல்லாம் மட்டம் என்று நினைக்கும் ஊரிலிருந்து போனவன். அவருக்கும் எனக்கும் அதைப் பற்றிப் பேசவேண்டும் என்றே தோன்றவில்லை.

தேர்வுப் பந்தயத்தன்று உடம்பைச் சூடாக்க நன்றாக ஓடி, வியர்த்து, மற்றவர்களோடு கோட்டில் வந்து நின்றேன். அப்போதுதான் தலைமை விருந்தினர் இன்னும் வரவில்லை என்றார்கள். கொடி அசைக்க அவர் வரவேண்டுமாம். நின்றோம். காற்று வீசியது. என் மார்பிலும் முதுகிலும் வியர்வை அப்படியே தங்கியது. சொட்டு விடாமல் குடித்துவைத்திருந்தது அக்காவின் துணி. முதலில் சில்லென்று ஒட்டியது, பிறகு தகரம் போல விறைத்தது. பக்கத்தில் நின்றவர்கள் கை தட்டி, குதித்து, பேசிக்கொண்டிருந்தார்கள். எனக்குப் பல் கிட்டிக்கொண்டு வந்தது. சட்டையைக் கழற்றிவிட்டு வரலாமா என்று நினைத்தேன். கோட்டை விட்டுப் போகும் தைரியம் வரவில்லை.

விருந்தினர் வந்தார், கையசைத்தார், சால்வை வாங்கிக்கொண்டார். பந்தயம் தொடங்கியது. ஓட ஓடச் சூடாகிவிடும் என்று நம்பினேன். ஆகவில்லை. புதிதாக வந்த வியர்வையையும் துணி குடித்தது. பாதித் தூரத்தில் என் கையிலிருந்து ஒரு கோல் நழுவி விழுந்தது. விழுந்ததே எனக்குத் தெரியவில்லை, பின்னால் வந்தவன் கத்தினான். குனிந்து எடுக்கப் பார்த்தேன், விரல்கள் மடங்கவில்லை. ஒவ்வொருவராக என்னைத் தாண்டிப் போனார்கள். நான் அங்கேயே உட்கார்ந்து அழுதேன். வெட்கமெல்லாம் இல்லை.

கொட்டகையில் உஸ்தாத்தான் என் சட்டையைக் கத்தரித்துப் பிரித்தார். உள்சட்டையைத் தொட்டவர் நிறுத்தினார். காலரைப் புரட்டி லேபிளைப் படித்தார்.

"யார் கொடுத்தது இதை?" என்று இந்தியில் கேட்டார்.

"அக்கா."

திட்டுவார் என்று பார்த்தேன். அவரோ அதைக் கத்தரிக்காமல் தலைவழியாகக் கழற்றி, மடித்து, என் பையில் வைத்தார். திட்டியிருக்கலாம்.

விரல் நுனிகள் மரத்துப்போனது மரத்துப்போனதுதான். பனியும் போனது, கொஞ்ச நாளில் மருத்துவக் காரணம் சொல்லி வேலையிலிருந்தும் அனுப்பிவிட்டார்கள். ஊர் வந்து சேர்ந்தேன். காலில் பிடிப்பு, அதனால் தோற்றேன், விரல் மரத்தது வேறொரு நாள் குளிரில் என்று அக்காவிடம் சொன்னேன். "பனியன் கதகதன்னு இருந்துச்சுல்ல?" என்று கேட்டாள். இருந்தது என்றேன். அதன்பின் அக்கம்பக்கத்தில் யார் வந்தாலும், "காஷ்மீர் பனியில என் தம்பி நான் தச்சதப் போட்டுத்தான் ஓடுனான்" என்று சொல்லாமல் விடமாட்டாள். அவள் அதைச் சொல்லும்போதெல்லாம் நான் எழுந்து வெளியே போய்விடுவேன்.

முதலாளி அன்று சொன்ன வார்த்தையைக் காப்பாற்றினார். பேக்கிங்கில் வேலை கொடுத்தார். செக்கிங்கில்தான் போடுவதாக இருந்தார், ஆனால் அங்கே கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தால் மட்டும் போதாது, துணியைத் தடவிக் குறை கண்டுபிடிக்கவேண்டும். எனக்கு எல்லாத் துணியும் ஒன்றுதான்.

பிறகு மந்தம் வந்தது. வெளிநாட்டு ஆர்டர்கள் சுருங்கின. மெஷின்கள் பாதி நாள் சும்மா கிடந்தன. என்ன வந்தாலும் எடுப்போம் என்று முதலாளி எடுத்த ஆர்டர்களில் ஒன்று, பனிச்சறுக்குக்காரர்களுக்கான உள்சட்டை. முழுக்க பாலியஸ்டர். சாம்பிள் செக்‌ஷனில் ஒரே கேலி. நான் அட்டைப்பெட்டி எடுக்க அங்கே போயிருந்தேன்.

"ஏன் கண்ணு, இத்தனை குளிருக்கு நம்ம காட்டன் போடாம இந்த பிளாஸ்டிக்க எதுக்குக் கேக்கறான்?" என்று, ஆர்டர் கொடுக்கும் பையர்களோடு கடிதப் போக்குவரத்து பார்க்கும் மெர்ச்சண்டைசர் பெண்ணிடம் முதலாளியே கேட்டார்.

அந்தப் பெண் படித்துத் தெரிந்துகொண்டதைப் படபடவென்று சொன்னாள். "காட்டன் வேர்வையக் குடிச்சு வச்சுக்குமுங்க சார். நனைஞ்சா சூடு நிக்காதுங்க. பனியில காட்டன் போட்டா உசுருக்கே ஆபத்துன்னு பையர் கண்டிஷனா எழுதியிருக்காங்க."

அக்காவின் மெஷின் நின்றது. அவள் திரும்பி என்னைப் பார்க்கவில்லை. என் கையைப் பார்த்தாள்.

"கால் பிடிச்சுக்கிச்சுன்னு சொன்னியேடா" என்றாள்.

"ஆமாக்கா. காலுதான்."

"பொய் சொல்லாத."

சுற்றி அத்தனை பேர் இருந்தார்கள். கைகளை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டேன். அதுவே அவளுக்குப் போதுமானதாக இருந்தது.

மதியச் சாப்பாட்டுக்கு அவள் எழுந்திருக்கவில்லை. மெஷின் சத்தம் மட்டும் கேட்டது. எல்லாரும் திரும்பி வந்தபோது என்னைக் கூப்பிட்டு, தைத்து முடித்த பாலியஸ்டர் உள்சட்டையை நீட்டினாள். பையரின் அளவில்லை, என் அளவு. தகரக் கூரை கொதிக்கும் சித்திரை மாதம். "போட்டுப் பாரு" என்றாள். போட்டேன். வழவழப்பா சொரசொரப்பா என்று என் விரல்களுக்குத் தெரியவில்லை. சாம்பிளைச் சரிபார்க்கும் பழக்கத்தில் தோளை இழுத்துவிட்டாள், கையின் நீளம் பார்த்தாள், கழுத்தைச் சுற்றித் தடவினாள். அவள் முகம் முழுக்கக் கண்ணீர்.

"அளவு சரியாத்தான்டா இருக்கு" என்றாள்.

அளவு அன்றைக்கும் சரியாகத்தான் இருந்தது.