டாக்டர் ரெஜினா போடாத கையெழுத்து

புதன்கிழமை காலை ஈஸ்ட் பிரன்ஸ்விக்கில் ஒரு நோயாளியின் காலுக்குக் கட்டு மாற்றிக்கொண்டிருந்தபோது பேஜர் அடித்தது. டாக்டர் ரெஜினாவின் கிளினிக் எண். அந்த வீட்டுச் சமையலறை போனிலிருந்தே கூப்பிட்டேன். "டாக்டர் போயிட்டாங்க சிஸ்டர்" என்றார் வரவேற்பில் இருக்கும் ஷீலா. அவருடைய புற்றுநோய் ஈரலுக்குப் பரவியது தெரிந்ததுதான். இருந்தாலும், பாதியில் நின்ற கட்டை முடிக்கக் கை வர நேரமாயிற்று.

உங்களில் பலருக்கு அவரை நம் சர்ச்சில் நடக்கும் தமிழ்ப் பூசையில் தெரியும். வீடு வீடாகப் போகும் நர்ஸான எனக்கு வேலையில் தெரியும். முதியோருக்கான அரசு இன்சூரன்ஸ் எங்கள் சேவைக்குப் பணம் தர வேண்டுமானால், நோயாளி வீட்டை விட்டு வெளியே போக முடியாதவர் என்று உறுதி சொல்லி, சிகிச்சைத் திட்டத்தில் டாக்டர் தன் கையால் கையெழுத்திட வேண்டும். இரண்டு மாதம் போனால் மறுபடியும். பல டாக்டர்கள் அந்தப் பேப்பர்களை மொத்தமாக வாங்கி, சாப்பாட்டுக்குப் போகுமுன் போட்டுத் தள்ளிவிடுவார்கள். ரெஜினா படிப்பார். "முதல் பக்கத்துல இடது கால், அடுத்ததுல வலது கால். புண்ணு எந்தக் கால்ல சிஸ்டர்?" என்று போன் வரும். எங்கள் ஆபீஸில் அவருக்கு நல்ல பெயர் இல்லை.

சவுத் ரிவரில் தனியாக இருந்த போலந்துக்காரப் பெரியவர் ஒருவருக்குக் கால் புண். அது ஆறிய பிறகும் நான் வர வேண்டும் என்று ஆசைப்பட்டார். சேவையை நீட்டிக்கக் கேட்டு அனுப்பினேன். ரெஜினா நேரிலேயே போய்ப் பார்த்துவிட்டு என்னைக் கூப்பிட்டார்.

"புண்ணு ஆறிடுச்சு. டிரைவ் பண்ணி கடைக்குப் போறார். வெளிய போக முடியாதவர்னு நான் எப்படி சைன் பண்றது?"

"அவருக்கு யாரும் இல்ல டாக்டர்."

"தெரியும். அதை எழுத அந்தப் பேப்பர்ல இடமில்லையே."

சேவை நின்றது. அந்தக் குளிர்காலத்திலேயே பெரியவர் குளியலறையில் விழுந்து, இடுப்பெலும்பு முறிந்து, நர்சிங் ஹோமுக்குப் போனார். ரெஜினா அவரைப் போய்ப் பார்த்தார். கிளினிக் வாசலில், காரில் சாய்ந்தபடி என்னிடம் சொன்னார்: "நர்ஸ் எப்ப வருவாங்கன்னு கேட்டார். நான் செஞ்சது சரிதான். நாளைக்கும் அப்படித்தான் செய்வேன். ஆனா தூக்கம் வரல."

அதன் பிறகும் அவர் விதியை வளைக்கவில்லை. ஆனால், கையெழுத்துப் போட மறுக்கும்போதெல்லாம் அன்றே, நோயாளியின் மகன், பக்கத்து வீடு, சர்ச் என்று தானே கூப்பிட ஆரம்பித்தார். "மாட்டேன்னு சொல்றது பாதி வேலைதான் சிஸ்டர். மீதியை யார் பாப்பாங்க?" பலர் திரும்பக் கூப்பிட்டதே இல்லை. சலித்துக்கொள்வார்; மறுநாள் மறுபடி கூப்பிடுவார்.

நேற்று என் நோயாளியான ஓர் அம்மாவுக்குச் சேவையை நிறுத்த வேண்டியிருந்தது. டெக்சாஸில் இருக்கும் அவர் மகளைக் கூப்பிட்டேன். ஆன்சரிங் மெஷின்தான் எடுத்தது. இன்றும் கூப்பிட வேண்டும். ரெஜினாவிடமிருந்து எனக்கு வந்து சேர்ந்தது இந்த அலுப்புப் பிடித்த பழக்கம் ஒன்றுதான். அதை விடுவதாக இல்லை.