ஏழாம் குப்பியின் இருபத்தொன்றாவது ஈ

மணிமொழி பெங்களூரில் ஈ வளர்க்கிறாள். ஊரே விரட்டுகிற ஜீவனுக்கு மக்காச்சோள மாவும் வெல்லமும் காய்ச்சி ஊற்றி, குப்பிக்கு நம்பர் போட்டு, இரண்டு வாரத்துக்கு ஒருமுறை புதுக் குப்பிக்குக் குடி மாற்றுகிறாள். சோற்றில் உட்காரும் ஈ இல்லை. கனிந்த வாழைப்பழத்தைச் சுற்றுகிற எள்ளளவு பழ ஈ. களமருதூரில் கரும்பு வெட்டப் போகிற வீட்டில் பிறந்து, எம்.எஸ்சி.யில் தங்கப் பதக்கம் வாங்கி, ஐந்து வருடமாக ஆராய்ச்சி செய்கிறவள். சாப்பிட்ட தட்டை மட்டும் இன்றைக்கும் கழுவாமல் எழுந்து போய்விடுவாள். அதற்கு இன்னும் யாரும் பதக்கம் தரவில்லை.

இந்த வைகாசியில் ஆய்வுக்கூடத்தின் குளிர் அறையைப் பழுது பார்க்க ஒரு மாதம் மூடினார்கள். ஈக்களை ஆளுக்குக் கொஞ்சமாகப் பிரித்துக் கொண்டார்கள். மணிமொழி பன்னிரண்டு குப்பிகளைத் தெர்மோகோல் பெட்டியில் வைத்து ஊருக்குக் கொண்டு வந்தாள். களமருதூரில் நாற்பது டிகிரி வெயில். முப்பதைத் தாண்டினால் ஆண் ஈ மலடாகிவிடும். அதனால் கள்ளக்குறிச்சியில் பஸ் மாறி, பெட்டியை மடியிலேயே வைத்துக்கொண்டு, மலைமேல் குளிர்ச்சியாக இருக்கும் வெள்ளிமலைக்கு, அக்கா வீட்டுக்கு ஏறினாள்.

அக்கா இசைவாணி பத்தாவதோடு நின்றவள். முன்னறையில் தையல் கடை. அளவெடுத்தால் அரை அங்குலம்கூட விடாமல் நோட்டில் எழுதிவைப்பாள். குப்பிகள் வந்த அன்றே அவற்றுக்கும் ஒரு பக்கம் ஒதுக்கி, ஈக்களை எண்ணிக் குறித்துவிட்டாள்.

"இதுங்ககிட்ட இன்னாடி பாக்கற அஞ்சு வருசமா?"

"நுனிய பாக்கறேன்கா. உடம்புல செல்லுக்குள்ள குரோமோசோம்னு நூல் மாதிரி இருக்கு. செல்லு ரெண்டாவும்போதெல்லாம் அந்த நுனி கொஞ்சம் கொறஞ்சிக்கினே வரும்."

"ஓவர்லாக் அடிக்காத துணி ஓரம் பிரியற மாதிரி."

"ஆமா. நம்ம உடம்புல அத வளத்து உட ஒரு நொதி இருக்கு. ஈக்கு அது கெடையாது."

"அப்போ அது எப்டி குடித்தனம் பண்ணுது?"

"டி.என்.ஏ.வுல சில துண்டுங்க இருக்கு. தன்னையே நகல் எடுத்துக்கினு எங்கனா போய் ஒக்காந்துக்கும். கண்ட எடத்துல ஒக்காந்தா தொல்ல. ஈயில மட்டும் சில துண்டுங்க நுனியா பாத்து ஒட்டிக்கும். கொறஞ்ச நீளம் சரியாப்பூடும்."

"ஊர் சுத்திக்கினு இருந்த உன் மாமாவ புடிச்சி மினிபஸ் ஓட்ட வெச்சாங்களே, அப்டியா?"

பேராசிரியர்களுக்கு அரைமணி நேரம் படம் போட்டுக் காட்டியது ஒரே வரியில் முடிந்துவிட்டது. மணிமொழி அதை ஒப்புக்கொள்ளவில்லை.

பன்னிரண்டில் ஏழாம் குப்பிதான் அவளுக்கு உயிர். தலைமுறை தலைமுறையாக நுனி நீண்டுகொண்டே போகும் குடும்பம் அது. ஏன் நீள்கிறது என்பதுதான் அவள் ஆராய்ச்சி. ஆய்வுக்கூடத்தில் இருந்த இன்னொரு குப்பி பூஞ்சை பிடித்துச் செத்துவிட்டதால், உலகத்தில் மிச்சம் இது ஒன்றே. அடையாளமும் உண்டு: வெள்ளைக் கண்ணில் ஆரஞ்சுப் புள்ளிகள் தெளித்திருக்கும்.

மூன்றாம் நாள், மெயில் அனுப்ப மலையில் நெட் கிடைக்காமல் கள்ளக்குறிச்சிக்கு இறங்கிப் போனாள். மாலையில் திரும்பினால், குப்பிகளை அடைத்திருந்த பஞ்சைக் காணோம். ஒவ்வொன்றின் வாயிலும் மல்துணியில் எலாஸ்டிக் வைத்துத் தைத்த மூடி. மேலே சிவப்பு நூலில் ஒன்று முதல் பன்னிரண்டு வரை பூவேலை.

"பஞ்ச வெச்சி இறுக்கி அடச்சிட்டுப் போயிருக்கியே, மூச்சு முட்டாதா அதுங்களுக்கு?" என்றாள் அக்கா. பக்கத்து மேசையில் அறுத்த பலாப்பழம் இருந்தது. மணிமொழி அதைக் கவனிக்கவில்லை. மூடி அழகாக இருந்ததால், நாளைக்குப் பஞ்சை வைத்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டாள்.

காலையில் அக்கா நோட்டோடு வந்து எழுப்பினாள்.

"ஏழாம் நம்பர்ல ஒண்ணு ஜாஸ்தியா இருக்குடி. இருபது இருந்துச்சி, இப்ப இருபத்தொண்ணு. குட்டி போட்டுச்சாட்டம் இருக்கு."

"ஈ குட்டி போடாதுக்கா. கூட்டுல இருந்து ஒண்ணு வெளிய வந்திருக்கும்."

"கண்ணாடில ஒட்டிக்கினு இருக்கற கூடு முப்பத்தொண்ணு. ஒண்ணுகூட தொறக்கல. எண்ணிட்டுத்தான் சொல்றேன்."

மணிமொழி லென்ஸை எடுத்தாள். இருபது ஈக்குப் புள்ளிக் கண். ஒன்றுக்கு மட்டும் கண் முழுக்கச் செங்கல் சிவப்பு. மூடி மாற்றும்போது பலாப்பழத்திலிருந்து புகுந்துகொண்ட காட்டு ஈ. அதோடு கலந்தால் இந்தக் குடும்பம் இந்தக் குடும்பமாக இருக்காது. ஐந்து வருடமும் அதோடு போகும். உன்னாலதான் என்று வாய்வரை வந்தது. மூடியில் பூவேலை செய்த ஏழாம் எண்ணைப் பார்த்ததும் வார்த்தை நின்றுவிட்டது.

அக்காவுக்கு முகத்தைப் பார்த்தே விளங்கிவிட்டது. "அந்த ஒண்ண மட்டும் தொரத்தி உட்டா ஆவாதா?"

"ராத்திரி பூரா ஒண்ணா இருந்திருக்குக்கா. முட்டையும் வெச்சிருக்கும்."

"மூடி மாத்தனது நேத்து நாலேகாலுக்கு. எழுதி வெச்சிருக்கேன். அதுக்கு முன்னாடி அது உள்ள இல்ல."

மணிமொழி நிமிர்ந்தாள். ஒரு நாள்கூட ஆகவில்லை. முட்டை புழுவாகிக் கூடு கட்ட ஐந்து நாளாவது வேண்டும். அப்படியென்றால் கண்ணாடியில் ஒட்டியிருக்கும் கூடு அத்தனையும் சுத்தமான பிள்ளைகள்!

மற்ற பதினொன்றையும் லென்ஸ் வைத்துப் பார்த்தாள். எண்ணிக்கையும் கண்ணும் சரியாக இருந்தன. பிறகு ஏழில் இருந்த இருபத்தொரு ஈயையும் சோப்புத் தண்ணீரில் தட்டினாள்.

"பெத்தவங்களயுமா?" என்றாள் அக்கா.

"எது அதோட கலந்துச்சோ தெரியாது. வேற வழி இல்லக்கா."

ஈரத் தூரிகையால் முதல் கூட்டைப் பெயர்க்கும்போது மணிமொழி சற்று அழுத்திவிட்டாள். கூடு நசுங்கியது.

"தங்கப் பதக்கம், இப்டி குடு அத," என்று அக்கா தூரிகையை வாங்கினாள். ஊசிக் கண்ணில் நூல் கோக்கிற கை அது. மீதி முப்பதையும் ஒவ்வொன்றாக எடுத்துப் புதுக் குப்பியில் ஒட்டினாள். மூடி பக்கம் அவள் போகவே இல்லை; பஞ்சைத் தானே திணித்தாள்.

இரண்டு நாள் கழித்து முதல் ஈ வந்தது. அடுத்த நான்கு நாளில் மொத்தம் இருபத்தேழு. மணிமொழி ஒவ்வொன்றின் கண்ணையும் பார்த்தாள். அத்தனையிலும் ஆரஞ்சுப் புள்ளி. லென்ஸைக் கீழே வைத்துவிட்டு, தையல் மெஷின் பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்து கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"அழுவாத. முப்பது கூடு வெச்சேன், இருபத்தேழுதான் வந்திருக்கு. மீதி மூணு எங்கடி?"

"கொஞ்சம் பொறக்காம போவும்க்கா. அது வழக்கந்தான்."

"பெங்களூர்ல வழக்கமா இருக்கும்," என்று சொல்லி, அக்கா லென்ஸை எடுத்துக்கொண்டு குப்பியின் முன்னால் உட்கார்ந்தாள்.